மதிய வெயிலை மெழுகில் பிடித்து வைப்பது எப்படி?

வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. தை மாதத்திலும் மதியம் இரண்டு மணிக்கு எங்கள் சத்துவாச்சாரி மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் 70 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் கொஞ்சத்தை மெழுகில் இறக்கி, சாயங்காலம் திரும்ப எடுக்கலாம். ஹீட்டர் டேங்கே சூட்டைச் சேமிக்கிறதே என்பீர்கள். சேமிக்கிறதுதான். ஆனால் ஒரு கிலோ தண்ணீர் 60 டிகிரியிலிருந்து 50க்கு இறங்கினால் 42 கிலோஜூல்தான் தரும். அதே இறக்கத்தில் ஒரு கிலோ பாரஃபின் மெழுகு உறைந்து முடிந்தால் 200க்கு மேல் தரும். எல்லாம் உருகும்போது வாங்கி வைத்த உள்ளுறை வெப்பம்.

தேவை: 58–60 கிரேடு (அந்த டிகிரியில் உருகும்) பாரஃபின் மெழுகு 2 கிலோ, 4 லிட்டர் எவர்சில்வர் தூக்கு, ஏசி மெக்கானிக் பயன்படுத்தும் கால் இஞ்ச் செம்புக் குழாய் 5 மீட்டர், அலுமினியத் தகடு, தெர்மாமீட்டர்.

படி 1: குழாயை வெறுமனே வளைத்தால் நசுங்கும். காய்ந்த சன்ன மணலை உள்ளே தட்டித் தட்டி நிரப்பி, இரு முனையையும் அடைத்துவிட்டு, 12 சென்டிமீட்டர் விட்டத்தில் சுற்றுங்கள். பதிமூன்று சுற்று வரும். (பாலாற்றங்கரை ஊரில் ஒரு டம்ளர் மணலுக்கு நான் அலைந்தது தனிக்கதை.) பிறகு மணலைக் கொட்டிக் கழுவிவிடுங்கள்.

படி 2: தகட்டைப் பட்டை பட்டையாக வெட்டி, சுருளோடு இறுக்கிக் கட்டுங்கள். ஏன் என்பது கடைசிப் படியில் புரியும்.

படி 3: மெழுகை நேரடித் தீயில் வைக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். கொதிநீருக்குள் பாத்திரம் வைத்து உருக்கி, சுருள் இறக்கிய தூக்கில் ஊற்றுங்கள். ஆறியதும் நடுவில் குழி விழும். முதல் தடவை, குறைகிறதே என்று விளிம்பு வரை நிரப்பித் தொலைத்தேன். உருகும்போது மெழுகு பத்து சதவீதத்துக்கு மேல் பருக்கும். மறுநாள் மூடியைத் தள்ளிக்கொண்டு மாடிப்படி வரை வழிந்து உறைந்துகிடந்தது. தோசைத் திருப்பியால் சுரண்டினேன். குழி இருக்கட்டும், மூடியும் லூஸாகவே இருக்கட்டும்.

படி 4: தூக்கைச் சாக்கால் சுற்றி, அதன்மேல் தெர்மாகோல் கட்டுங்கள். வெந்நீரைச் சுருளின் மேல் முனையில் விடுங்கள். அடியில் முதலில் உருகினால், மேலே கட்டியாக நிற்கும் மெழுகு, பருக்கும் திரவத்தின் வழியை அடைத்துக்கொள்ளும். தெர்மாமீட்டர் 58ஐ ஒட்டி நெடுநேரம் நகராது. பழுது என்று நினைக்காதீர்கள், அப்போதுதான் சேமிப்பு நடக்கிறது.

படி 5: சாயங்காலம் குழாய்த் தண்ணீரைக் கீழ் முனையில் மெல்ல விடுங்கள். முதலில் நல்ல சூடாக வரும், சீக்கிரமே வெதுவெதுப்பாகிவிடும். உள்ளே மெழுகு இன்னும் திரவமாகத்தான் இருக்கும், ஆனால் குழாயின்மேல் வெள்ளையாக ஓர் ஓடு படிந்திருக்கும். செம்பு கடத்துவதில் ஏறக்குறைய 2,000இல் ஒரு பங்குதான் மெழுகு கடத்தும். உருகும்போது திரவம் சுழன்று சூட்டைப் பரப்புகிறது, உறையும்போது அந்த உதவி இல்லை. உறைந்த அந்தப் படலத்தைத் தாண்டிச் சூட்டை இழுத்து வரத்தான் அலுமினியப் பட்டைகள். முழுக்க எடுத்தால் 10 லிட்டர் தண்ணீர் 10 டிகிரி ஏறும். போதாது என்றால், மெழுகைக் கூட்டுமுன் பட்டைகளை நெருக்கிக் கட்டிப் பாருங்கள்.