பல கணினிகளுக்கு ஒரே கட்டளையில் டிரைவர்: எங்கே சறுக்குகிறது?

பிஎன்பியூட்டில் (pnputil) கட்டளையை வைத்து விண்டோஸ் டிரைவர்களை, அதாவது சாதனங்களை இயக்கும் மென்பொருள்களை, மொத்தமாக நிர்வகிப்பவர்கள் செய்யும் தவறுகளில் மிக ஆபத்தானது, ஒரு கணினியில் பார்த்த ஓஇஎம் எண்ணை எல்லாக் கணினிகளிலும் நீக்கச் சொல்வது. ஓஇஎம்12.ஐஎன்எஃப் என்பது, டிரைவரின் நிறுவல் விவரக் கோப்பான ஐஎன்எஃப்புக்கு அந்தந்தக் கணினி தானே சூட்டும் பெயர். ஒன்றில் அது பழைய பிரிண்டர் டிரைவராக இருக்கும். பக்கத்துக் கணினியில் வைஃபை டிரைவராக இருக்கும். கூடவே 'ஃபோர்ஸ்' சேர்த்தால், பயன்பாட்டில் உள்ள டிரைவரும் போய்விடும். அந்தக் கணினி நெட்வொர்க்கை விட்டே விலகும், பிறகு நேரில் போய்த்தான் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு கணினியிலும் பவர்ஷெல்லின் கெட்-விண்டோஸ்டிரைவர் மூலம் ஒரிஜினல் ஐஎன்எஃப் பெயர், தயாரிப்பாளர், பதிப்பு மூன்றையும் ஒப்பிட்டு, அங்கேயே கிடைக்கும் எண்ணை மட்டும் நீக்குங்கள். நீக்கும் முன் 'எக்ஸ்போர்ட்-டிரைவர்' கொடுத்து ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

'ஆட்-டிரைவர்' மட்டும் கொடுத்தால், விண்டோஸ் டிரைவர்களைச் சேமித்து வைக்கும் 'டிரைவர் ஸ்டோர்' என்ற இடத்தில் அது சேருமே தவிர, ஏற்கெனவே செருகியிருக்கும் சாதனத்துக்கு மாறாது. 'இன்ஸ்டால்' என்பதையும் சேர்க்க வேண்டும்.

கட்டளை முடிந்ததும் அது திருப்பித் தரும் எண் (எக்ஸிட் கோட்) பூஜ்யமாக வராவிட்டால் தோல்வி என்று ஸ்கிரிப்ட்டில் எழுதுவதும் தவறு. 3010 வந்தால் வேலை முடிந்தது, ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி. 259 வந்தால் பொருந்தும் சாதனம் இல்லை, அல்லது அதைவிடப் பொருத்தமான டிரைவர் ஏற்கெனவே உள்ளது. பழைய பதிப்புக்குத் திரும்ப நினைப்பவர்கள் இந்த 259-இல்தான் மாட்டிக்கொள்வார்கள். புதியதை முதலில் நீக்காமல் பழையது ஏறாது.

வேறொரு கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைந்திருக்கும் ரிமோட் செஷனுக்குள் இருந்து, இன்னொரு சர்வரில் உள்ள ஷேர் ஃபோல்டரை நேரடியாகத் திறக்கப் பார்த்தால் பெரும்பாலும் அனுமதி மறுக்கப்படும். உங்கள் லாகின் அடுத்த சர்வர் வரை போகாது என்பதே காரணம். முதலில் கோப்புகளை அந்தக் கணினியின் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். ஐஎன்எஃப், டிரைவர் நிரலான சிஸ், கையொப்பம் உள்ள கேட் ஆகிய மூன்று கோப்புகளும் சேர்ந்து போகட்டும். ஐஎன்எஃப்பில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் கையொப்பம் செல்லாது.

நெட்வொர்க் கார்டு டிரைவரை ரிமோட் செஷனில் மாற்றவே கூடாது. நடுவில் இணைப்பு அறுந்தால் ஸ்கிரிப்ட்டும் நின்றுவிடும். அந்த வேலையை, விண்டோஸின் சொந்தக் கணக்கான சிஸ்டம் கணக்கில் தானே ஓடும் டாஸ்க்காகப் பதிந்துவிட்டு வெளியே வாருங்கள். இணைப்பு திரும்பியதும், விண்டோஸ் ஃபோல்டரின் ஐஎன்எஃப் உள்ஃபோல்டரில் இருக்கும் செட்அப்ஏபிஐ.டெவ்.லாக் கோப்பில் என்ன நடந்தது என்று பார்க்கலாம்.