சுருள் கரங்களில் நட்சத்திரம் பிறக்கிறது என்று சொல்லும்போது நாம் விடுகிற பிழைகள்

ஆடி மாதத்து இரவொன்றில் முத்தையன்கட்டுக் குளக்கட்டில் நின்று தெற்கே பார்த்தால், விருச்சிகத்தின் வாலுக்குப் பக்கத்தில் பால்வீதி நல்ல அகலமாகத் தெரியும். வெளிச்சம் குறைந்த ஊராக இருப்பதில் வன்னிக்கு இப்படி ஒரு இலாபம். (யானை நடமாட்டம் உள்ள பக்கமென்றால் குளக்கட்டை விட்டுவிடுங்கள், வீட்டு முற்றமே போதும்.) அந்தப் பட்டையைக் கைகாட்டி “இதுதான் சுருளின் ஒரு கரம்” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் நிறையப் பேர். அது கரம் இல்லை. பால்வீதி என்பது சூரியனும் கோடானுகோடி நட்சத்திரங்களும் வாயுவும் சேர்ந்த நமது நட்சத்திர மண்டலம், தட்டையான சுருள் வடிவம். அதில் வளைந்து போகும் பட்டைகளைத்தான் கரம் என்கிறோம். தட்டையான வட்டத்துக்கு உள்ளே இருந்துகொண்டு அந்த வட்டத்தையே பக்கவாட்டில் பார்க்கிறோம், அவ்வளவுதான். பல கரங்கள் ஒன்றன் பின் ஒன்றாக மறைத்து நிற்பதால் சுருள் வடிவம் கண்ணுக்குப் பிடிபடாது. நமது மண்டலத்தின் கரங்களை 1950களில் ஐதரசன் வாயு விடும் 21 சென்டிமீற்றர் வானொலி அலையை வைத்துத்தான் வரையத் தொடங்கினார்கள். வெளி மண்டலமொன்றில் சுருளை முதலில் கண்டவர் அயர்லாந்தின் ரோஸ் பிரபு. 1845இல், எம்51 என்று இன்று அழைக்கப்படும் மண்டலத்தில்.

சுருள் மண்டலங்களின் படங்களில் கரங்கள் பளிச்சென்று இருக்கும், இடைவெளிகள் இருண்டு கிடக்கும். அதனால் நட்சத்திரங்களெல்லாம் கரங்களில் இருக்கின்றன, நடுவில் வெறுமை என்று எடுத்துக்கொள்கிறோம். எனக்குத் தெரிந்து மற்றப் பிழைகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கிறது. உண்மையில் கரங்களுக்கு இடையிலும் நட்சத்திரங்கள் தாராளமாக உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் சூரியன் போன்றவை, அல்லது அதைவிட மங்கலானவை. கரங்களை ஒளிர வைப்பது எண்ணிக்கையில் சொற்பமான, மிகப் பெரிய நீல நட்சத்திரங்கள். சூரியனைப் போல 20 மடங்கு நிறையுள்ள ஒன்று, சூரியனைவிடப் பல்லாயிரம் மடங்கு ஒளிர்ந்து, ஒரு கோடி ஆண்டுக்குள் எரிபொருளை முடித்துவிடும். சூரியனின் ஆயுளோ ஏறக்குறைய 1000 கோடி ஆண்டு. அந்த நீலப் பெரியவை பிறந்த கரத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே செத்துப்போகின்றன. சிறியவை தப்பி எங்கும் பரவுகின்றன. ஆகவே படத்தில் நாம் பார்ப்பது நட்சத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்பதை அல்ல, அண்மையில் எங்கே பிறந்தன என்பதை.

அடுத்தது, கரம் என்றால் ஒரே நட்சத்திரங்கள் கோத்துக்கொண்டு சேர்ந்து சுற்றுகின்றன என்ற எண்ணம். சூரியன் மையத்தை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 23 கோடி ஆண்டு எடுக்கிறது. உள்ளே இருப்பவை அதைவிடக் குறைந்த காலத்தில் சுற்றி முடிக்கின்றன. கரம் ஒரே பொருளால் ஆனதென்றால் சில சுற்றுகளிலேயே இறுகச் சுருண்டு அடையாளம் தெரியாமல் போயிருக்கும். சூரியன் மட்டுமே இதுவரை ஏறக்குறைய 20 தடவை சுற்றிவிட்டது. 1964இல் சி. சி. லின்னும் பிராங்க் ஷூவும் முன்வைத்த விளக்கம் இது: கரம் என்பது அடர்த்தி அலை. குளத்துத் துருசைத் திறந்துவிட்ட வாய்க்காலில் அடியிலே ஒரு கல் கிடந்தால், அதற்கு மேலே தண்ணீர் திமிறி நிற்கும். ஓடுவது புதுத் தண்ணீர், திமிறல் மட்டும் அதே இடத்தில். நட்சத்திரங்களும் வாயுவும் அப்படித்தான் கரத்துக்குள் புகுந்து, நெருங்கி, வெளியே போகின்றன.

இதையும் எல்லா மண்டலங்களுக்கும் பொருத்திவிடக் கூடாது. எம்51இல் இரண்டு கரங்கள் தெளிவாக நிற்கின்றன. எம்33 போன்றவற்றில் துண்டு துண்டாகச் சிதறிய கரங்கள். அவை உருவாகி அழிந்து மறுபடி உருவாகுபவை என்று கருதப்படுகிறது. இன்னொன்று, கரம்தான் வாயுவை அழுத்தி நட்சத்திரங்களைப் பிறப்பிக்கிறது என்று அடித்துச் சொல்லாதீர்கள். பல மண்டலங்களில் அளந்து பார்த்தபோது, கரத்தில் வாயு அதிகம், அதனால் பிறப்பும் அதிகம். ஆனால் ஒரே அளவு வாயுவிலிருந்து எத்தனை பிறக்கின்றன என்று பார்த்தால் கரத்துக்கும் இடைவெளிக்கும் பெரிய வித்தியாசமில்லை. கரம் வாயுவைக் கூட்டிச் சேர்க்கிறது என்று சொல்வதே பாதுகாப்பு.

பால்வீதிக்கு நடுவே கறுப்பாகத் தெரியும் திட்டுகளை ஓட்டை என்று நினைப்பவர்களும் உண்டு. அங்கேதான் தூசும் மூலக்கூற்று ஐதரசனும் (அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்த ஐதரசன் வாயு) அடைந்து கிடக்கின்றன. பின்னாலுள்ள ஒளியைத் தூசு மறைக்கிறது. நட்சத்திரம் பிறக்கும் இடம் கொதித்துக்கொண்டிருக்கும் என்பதும் இதோடு சேர்ந்த பிழைதான். அந்த மேகங்களின் வெப்பநிலை 10 முதல் 20 கெல்வின், அதாவது உறைநிலைக்கு ஏறக்குறைய 260 பாகை கீழே. சூடான வாயு ஈர்ப்பை எதிர்த்து விரியப் பார்க்கும், குளிர்ந்தால்தான் ஈர்ப்பு வெல்லும். கொதிப்பு பிறகு வருகிறது, மேகத்தின் ஒரு துண்டு சுருங்கி மையம் இறுகும்போது.

சரி, மேகம் இருந்தால் எல்லாம் நட்சத்திரமாகிவிடுமா? ஆகாது. பால்வீதியில் சூரியனைப் போல ஏறக்குறைய 100 கோடி மடங்கு நிறையுள்ள மூலக்கூற்று வாயு இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு நட்சத்திரமாக மாறுவது சூரிய நிறையில் ஒன்றோ இரண்டோ மடங்குதான். மேகத்துக்குள் கொந்தளிப்பு, காந்தப்புலம், புதிதாகப் பிறந்த பெரிய நட்சத்திரங்களின் கதிரும் காற்றும் எல்லாம் சேர்ந்து வேலையைக் குழப்பிவிடும். இந்தக் கணக்கை “ஆண்டுக்கு ஒன்றிரண்டு நட்சத்திரம்” என்று எழுதுவதும் தவறு. பிறப்பவற்றில் பெரும்பாலானவை சூரியனைவிடச் சிறியவை, ஆகவே எண்ணிக்கை அதைவிடக் கூடும்.

கடைசியாக நிறம். மாரி ஓய்ந்த மாசி மாதத்தில், முன்னிரவில், ஓரியன் (வேட்டைக்காரன்) நட்சத்திரக் கூட்டம் ஏறக்குறைய உச்சிக்கு வரும். நேர்கோட்டில் நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே தொங்கும் சின்ன வரிசையின் நடுவை, கையில் கிடைக்கும் இரட்டைத் தொலைநோக்கியால் பாருங்கள். ஏறக்குறைய 1,350 ஒளியாண்டு தூரத்தில் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் மேகம் அது. தெரிவது சாம்பல் நிறப் புகைத் திட்டுத்தான். ஃபோனில் பார்த்த இளஞ்சிவப்பு எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்க வராது; கமரா நீண்ட நேரம் ஒளியைச் சேர்க்கிறது. அந்த இளஞ்சிவப்பு ஐதரசனின் உண்மையான ஒளிதான். ஆனால் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களின் நிறங்கள் வேறு கதை. அகச்சிவப்புக் கதிரைக் கண்ணால் காண முடியாது என்பதால், அலைநீளத்துக்கு ஏற்ப நிறம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் சிவப்பைக் கண்டு “வயதான நட்சத்திரம்” என்று முடிவு கட்டுவதற்கு முன், எந்த நிறம் எந்த அலைநீளத்துக்கு என்று படத்தோடு தரும் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.