இன்ஃபோகிராஃபிக் செய்யும் முன் ஒரு வரி எழுதுங்கள்

ஆய்வுத் திட்டத்துக்கு இன்ஃபோகிராஃபிக் (தகவலைப் படமாகக் காட்டும் தாள்) செய்யச் சொன்னால், பலரும் முதல் வேலையாக கேன்வா என்ற வடிவமைப்புச் செயலியைத் திறந்து டெம்ப்ளேட் (தயார் வடிவம்) தேடுவார்கள். சிக்கலே அங்கேதான். டெம்ப்ளேட்டில் ஆறு பெட்டி இருந்தால், சொல்வதற்கு மூன்றே விஷயம் இருந்தாலும் ஆறையும் நிரப்பத் தோன்றும். அதற்கு முன் ஆய்வில் தெரியவந்ததை ஒரு தாளில் ஒரே வரியாக எழுதுங்கள். அதுதான் தலைப்பு. 'மாணவர்களின் தூக்கம்: ஓர் ஆய்வு' என்பதைவிட 'தேர்வு வாரத்தில் தூக்கம் பாதியாகிறது' என்றால் நின்று படிப்பார்கள் (உங்கள் தரவு அப்படிச் சொன்னால் மட்டும்!).

அப்புறம் வரைபடம். இரு மடங்கைக் காட்ட வட்டத்தின் விட்டத்தை இரு மடங்காக்காதீர்கள். பரப்பு 4 மடங்காகிவிடும், கண்ணில் படுவது அதுதான். விட்டம் ஏறத்தாழ 1.4 மடங்கானால் போதும். வட்டமே வேண்டாம், பட்டை வரைபடம் போதும் என்பேன் நான். ஆனால் உயரத்தைக் காட்டும் எண்கோடு (அச்சு) 0-வில் தொடங்கட்டும். 40-இல் தொடங்கினால், 45-க்குப் பக்கத்தில் 50-இன் பட்டை இரு மடங்கு உயரமாக நிற்கும்.

நிறம் இரண்டு, மூன்று போதும். சிவப்பு, பச்சை என்று மட்டும் பிரித்தால் நிறக்குறைபாடு உள்ள சிலருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். நீலமும் ஆரஞ்சும் நல்ல ஜோடி.

எத்தனை பேரிடம், எப்போது கேட்டீர்கள் என்பதை அடியில் போட மறக்காதீர்கள். ஏ4 தாளில் 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட 2480 × 3508 பிக்சல் வேண்டும். பிடிஎஃப் ஆக்கியதும் பெரிதாக்கிப் பாருங்கள். சில எழுத்துருக்களில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும்.