செயலற்றுக் கிடக்கும் நியூக்ளியோ பலகையில் பழுதைத் தேடும் முறை

எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் நியூக்ளியோ-64 மதிப்பீட்டுப் பலகை (அந்நிறுவனத்தின் மைக்ரோகண்ட்ரோலர் சிப்பை முயன்று பார்ப்பதற்கான மின்சுற்றுப் பலகை) கணினியில் இணைத்த பிறகும் செயல்படவில்லை என்றால், சிப் எரிந்துவிட்டது என்று முடிவு கட்டாமல், நிரலையும் திருத்தத் தொடங்காமல், யூஎஸ்பி வாயிலிலிருந்து சிப் வரை மின்சாரம் செல்லும் பாதையை முதலில் படிப்படியாகச் சோதிக்க வேண்டும். இங்கே கூறுபவை மினி-பி யூஎஸ்பி வாயில் கொண்ட எஃப்401ஆர்இ, எஃப்446ஆர்இ போன்ற பலகைகளுக்கு உரியவை. மேலே பொருத்தியிருக்கும் ஷீல்டுகள் எனப்படும் கூடுதல் பலகைகளையும் கம்பிகளையும் முழுவதும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். அதன் பிறகு பலகை இயங்கினால், பழுதைக் கழற்றியவற்றில் தேட வேண்டும்.

அடுத்துக் கேபிளை மாற்றிப் பாருங்கள். மின்னேற்றத்துக்கு மட்டுமே பயன்படும் கேபிள்களில் தரவுக் கம்பிகள் இருப்பதில்லை. இந்தப் பலகையில் அது இரட்டைச் சிக்கலாகிறது: நிரலை ஏற்றுவதற்காகப் பலகையிலேயே உள்ள எஸ்டி-லிங்க் பகுதியைக் கணினி அடையாளம் கண்டு முடித்த பிறகே முதன்மைச் சிப்புக்கு மின்சாரம் திறக்கப்படுவதால், தரவு செல்லாதபோது எல்டி3 என்ற சிவப்பு விளக்கும் எரியாது. கைபேசி சார்ஜரில் இணைத்தாலும் இதே நிலைதான். அப்போது ஜேபி1 ஜம்பரை (இரு முனைகளை இணைக்கும் சிறு செருகியை) பொருத்தினால் பலகைக்கு மின்சாரம் கிடைக்கும்.

எல்டி3 எரிவதைக் கண்டு நிம்மதி அடைந்துவிட வேண்டாம் என்பதை நான் அழுத்திச் சொல்வேன், ஏனெனில் பலரின் நேரம் வீணாவது இங்கேதான். அவ்விளக்கு 5 வோல்ட் இருப்பதை மட்டுமே காட்டுகிறது. சிப்புக்குச் செல்லும் 3.3 வோல்ட் அதற்கு அப்பால் ஜேபி6 ஜம்பரைக் கடந்தே போக வேண்டும். மின்னோட்டத்தை அளப்பதற்காக அந்த ஜம்பரைக் கழற்றியவர்கள் திரும்பப் பொருத்த மறந்துவிடுவதும், அதனிடத்தில் இணைத்த மல்டிமீட்டரின் மில்லிஆம்பியர் ஃபியூஸ் முன்பே எரிந்துபோயிருப்பதும் அடிக்கடி நிகழ்பவை. ஜேபி6-இன் இரு முனைகளிலும் தரை முனையை (ஜிஎன்டி) ஒப்பிட்டு மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். ஒரு முனையில் 3.3 வோல்ட்டும் மறுமுனையில் அதைவிடக் குறைவான இடைநிலை மின்னழுத்தமும் தென்பட்டால், சிப் தன் உள்ளீட்டுக் கால்களின் பாதுகாப்பு டயோடுகள் வழியாக மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கக்கூடும். அந்நிலையில் அது காட்டும் எந்த நடத்தையையும் நம்ப முடியாது.

வெளி மின்வழங்கியைப் பயன்படுத்துவோர், மின்சாரம் எங்கிருந்து வர வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் ஜேபி5 ஜம்பரை இ5வி (வெளி 5 வோல்ட்) பக்கம் மாற்றி, ஜேபி1-ஐக் கழற்றி, வெளி மின்சாரத்தை முதலில் கொடுத்து, எல்டி3 எரிந்த பின்னரே யூஎஸ்பியைச் செருக வேண்டும். இவ்வரிசை மாறினால் பலகையின் சுமை கணினியின் வாயில்மேல் விழக்கூடும்.

மின்சாரம் சரியாக இருந்தும் எஸ்டி-லிங்க் சிப்புடன் தொடர்புகொள்ளாவிட்டால், அவ்விரண்டையும் இணைக்கும் சிஎன்2-இன் இரு ஜம்பர்களும் பொருந்தியிருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இருந்தும் பயனில்லையெனில், கடைசியாக ஏற்றிய நிரல் எஸ்டி-லிங்க் தொடர்புக்கான பிஏ13, பிஏ14 கால்களை வேறு வேலைக்கு மாற்றியிருக்கலாம், அல்லது சிப்பை ஆழ்ந்த உறக்கநிலைக்கு அனுப்பியிருக்கலாம். சிப்பில் நிரலை ஏற்றவும் அழிக்கவும் உதவும் கியூப்புரோகிராமர் மென்பொருளில் ரீசெட் நிலையிலேயே இணைக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் தோற்றால் சிஎன்7 இணைப்பு வரிசையின் 5, 7 எண் முனைகளை ஜம்பரால் இணைத்து மீண்டும் மின்சாரம் கொடுங்கள். சிப் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பூட்0 கால் உயர்ந்த நிலையில் இருப்பதால் பழைய நிரல் ஓடாது. அதை அழித்துவிட்டு ஜம்பரை எடுத்துவிடலாம்.

நிரல் ஏறியும் கடிகார அமைப்பிலேயே நின்றுவிட்டால், எக்ஸ்3 இடத்தைப் பாருங்கள்: அங்கே படிகம் பொருத்தப்பட்டிருக்காது. பலகையின் சி-02 பதிப்பு முதல் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் எஸ்டி-லிங்க் சிப்பிலிருந்து வருகிறது. ஆகவே நிரலில் எச்எஸ்இ-யை (சிப்பின் வெளிக் கடிகார உள்ளீட்டை) படிக முறையில் அமைக்காமல், ஆயத்தக் கடிகாரத்தை அப்படியே ஏற்கும் பைபாஸ் முறையில் அமைக்க வேண்டும். டி0, டி1 முனைகளில் இணைத்த கருவி பதிலளிக்காததும் பழுதல்ல. அம்முனைகளுக்கு உரிய பிஏ2, பிஏ3 கால்கள் தொடக்க அமைப்பில் எஸ்டி-லிங்கின் தொடர்வாயிலுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால், அக்கருவியை சிப்பின் வேறொரு யூஆர்ட்டுக்கு (தொடர்வாயிலுக்கு) மாற்றினால் போதும்.