பீரோவுக்குப் பின்னால் பாருங்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்ததும் தரையைத்தான் துடைத்தோம். பூஞ்சை பிடித்ததோ பீரோவுக்குப் பின்னால். ஈரம் 24 முதல் 48 மணி நேரம் நின்றாலே போதும், அது கிளம்பிவிடும். அதனால் முதலில் பீரோ, கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டு, ஜன்னலைத் திறந்து ஃபேனை ஓட விடுங்கள் (எலக்ட்ரீஷியன் ஒயரிங்கைப் பார்த்த பிறகுதான்). ஊறிய பஞ்சு மெத்தையை, மனசு கேட்காவிட்டாலும், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சுவரில் கரும்புள்ளி வந்துவிட்டதா? காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், தூள் பறந்து மூக்கில் ஏறும். மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய விடுங்கள். ப்ளீச்சிங் பவுடர் போடுவதானால் அதோடு பாத்ரூம் ஆசிட் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். அப்புறம், ஈரச் சுவரில் அவசரப்பட்டுப் பெயின்ட் அடித்தால் அப்படியே உரிந்து வரும்.