அமெரிக்க இடைக்காலத் தேர்தலைப் பற்றிச் சிந்தனைக் கட்டுரை எழுதும் முறை

தொடக்கக் கல்லூரி மாணவர்கள், எந்தக் கட்சி நல்லது என்ற தீர்ப்பைச் சற்றே தள்ளிவைத்துவிட்டு, அதிபரின் பதவிக்காலத்தின் நடுவில் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் செனட் சபையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கும் தேர்தல் நடப்பதை முதலில் விளக்க வேண்டும்.

பிறகு ஒரே ஒரு தேர்தலை ஆழமாக ஆராயுங்கள். 2022இல் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையை 222க்கு 213 என்ற கணக்கில் கைப்பற்ற, செனட் சபை ஜனநாயகக் கட்சியிடமே இருந்தது. பெரும்பான்மை அவ்வளவு குறுகலாக இருந்ததால், சொந்தக் கட்சியினர் சிலரே முரண்டுபிடித்தபோது, குடியரசுக் கட்சியின் கெவின் மெக்கார்த்தி 2023 ஜனவரியில் 15ஆவது சுற்று வாக்களிப்பில்தான் சபாநாயகரானார். கட்சிப் பூசலை விளக்க, தலைவர்களின் வசைமொழிகளைவிட இத்தகைய நிகழ்வே வலுவான சான்று என்று உறுதியாகக் கருதுகிறேன்.

சிங்கப்பூரில் வாக்களிப்பது கட்டாயம். அமெரிக்காவில் அது வாக்காளரின் விருப்பம். இரு நாடுகளையும் ஒப்பிடும் பத்தியை இவ்வேறுபாட்டிலிருந்து தொடங்குங்கள்.