வேளச்சேரியிலிருந்து மேடவாக்கத்துக்கு: பக்கத்துப் பகுதிக்கு வீடு மாறும் முன் போட வேண்டிய கணக்கு

சென்னை வேளச்சேரியில் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குடும்பத்தோடு மேடவாக்கம் பக்கம் போய் டூ-லெட் பலகை தேடுவது இங்கே பலருக்கும் வழக்கமாகிவிட்டது. வேளச்சேரி - தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையைத் தாண்டினால் மேடவாக்கம். இடையில் சுமார் 7 கிலோமீட்டர்தான். பக்கத்தில்தானே போகிறோம் என்ற நினைப்பில், ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் செய்யும் விசாரணையில் கால்வாசியைக்கூட நாம் செய்வதில்லை. 2018-இல் நானும் வாடகை வித்தியாசத்தை மட்டும் பார்த்துத்தான் மாறினேன். சென்னையின் ஏரிகள் வறண்ட 2019 கோடையில், லாரித் தண்ணீருக்காக அடுக்ககத்தில் மாதந்தோறும் பிரித்த பணத்தைக் கொடுக்கும்போதுதான் எதையெல்லாம் விசாரிக்காமல் விட்டேன் என்பது புரிந்தது. அதே நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பணக் கணக்கு. வாடகை வித்தியாசத்தை மாதக் கணக்கில் பார்த்தால் எப்போதும் மாறுவதே லாபமாகத் தெரியும். ஆகவே எத்தனை மாதம் அந்த வீட்டில் இருக்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்து, அந்தக் காலம் முழுவதற்கும் கணக்குப் போட வேண்டும். உதாரணமாக, இப்போதைய வாடகை 22,000 ரூபாய், பார்த்து வைத்திருக்கும் வீட்டின் வாடகை 17,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 5,000 ரூபாய் மிச்சம். வீடு மாறும்போது ஒரே தடவையாகப் போகும் செலவில், தரகருக்கு ஒரு மாத வாடகை 17,000, பழைய வீட்டுக்காரர் வெள்ளையடிப்பதற்கென்று முன்பணத்தில் பிடித்துக்கொள்ளும் ஒரு மாத வாடகை 22,000, வண்டிக்கும் ஆட்களுக்கும் 8,000 என 47,000 ரூபாய் ஆகிறது. கிண்டியில் வேலை பார்ப்பவர் போக வர நாளொன்றுக்கு 14 கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டினால், 25 வேலை நாளுக்கு 350 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் ஸ்கூட்டரில், பெட்ரோலை லிட்டர் 100 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய 800 ரூபாய். தண்ணீருக்கும் பராமரிப்புக்கும் மாதம் 1,000 ரூபாய் கூடுகிறது என்றால், உண்மையில் கையில் நிற்கும் மிச்சம் மாதம் 3,200 ரூபாய்தான்.

அந்த 3,200 ரூபாயைக் கொண்டு 47,000 ரூபாயை ஈடுகட்டுவதற்குப் பதினைந்து மாதம் ஆகும். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் காலி செய்யச் சொன்னால் 11,800 ரூபாய் நஷ்டம். இரண்டு ஆண்டு இருந்தால் 29,800 ரூபாய் லாபம். இதோடு, பயணத்தில் நாளுக்கு ஒரு மணி நேரம் கூடினால் இரண்டு ஆண்டில் 600 மணி நேரம் போகிறது. அந்த லாபத்தை இதனால் வகுத்தால் மணிக்கு ஐம்பது ரூபாய்க்கும் குறைவு. உங்கள் எண்கள் வேறாக இருக்கும். ஆனாலும் இந்த வரிசையில் ஒரு தாளில் எழுதிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பதினைந்து மாதத்துக்குள் திரும்பவும் மாற வேண்டிய வாய்ப்பு இருந்தால், இப்போதைய வீட்டுக்காரரிடம் பேசி ஏற்றத்தைக் குறைக்கச் சொல்வதே மேல் என்பது என் கருத்து.

பணத்தைவிடத் தண்ணீரை நான் முக்கியமாக நினைக்கிறேன். வேளச்சேரி மாநகராட்சிப் பகுதி. மேடவாக்கமோ செங்கல்பட்டு மாவட்டத்தில் ஊராட்சியாக இருந்து வளர்ந்த ஊர். நடுவில் இருக்கும் பள்ளிக்கரணை 2011-இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. இதனால் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் எந்தத் தெரு வரை வந்திருக்கின்றன என்பது தெருவுக்குத் தெரு மாறும். வீட்டைக் காட்ட வருபவர் “தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை” என்பார். அவரிடம் ஆழ்துளைக் கிணறு (போர்) எத்தனை அடி, தரைக்கடித் தொட்டி (சம்ப்) எவ்வளவு கொள்ளும், போன மே மாதத்தில் எத்தனை லாரி வாங்கினீர்கள், கழிவுநீர்த் தொட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கிறீர்கள், அந்தச் செலவு யாருடையது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். பதிலைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. போர்க் குழாயிலிருந்து ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மூடாமல் இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்த தண்ணீர், இரும்புச் சத்து மிகுந்திருந்தால் காலையில் மேலே எண்ணெய் போன்ற மினுக்கத்தோடும் அடியில் செம்மண் நிறப் படிவோடும் நிற்கும். குளியலறை ஓடுகளின் இடுக்கில் பழுப்பு ஏறியிருப்பதும் இதே சேதியைத்தான் சொல்கிறது. ஷவரின் துளைகள் வெள்ளைப் பொருக்கால் அடைபட்டிருந்தால், அது தண்ணீரின் கடினத்தன்மையைக் காட்டுகிறது.

அடுத்தது மழை. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், சுற்றிலும் உள்ள பல ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் தாழ்நிலம். 2022-இல் அது, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற பொருளில், ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே சேரும் நீர் ஒக்கியம் மடுவு என்னும் நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்க வேண்டும். கடல் மட்டம் உயர்ந்திருக்கும் நேரத்தில் அது மெதுவாகத்தான் வடியும். வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நாள்கணக்கில் நீரில் நின்றது இதனால்தான். மேடவாக்கத்தில் சில தெருக்கள் மேட்டில் இருக்கின்றன, சில ஏரிக்கரையை ஒட்டியும் வாய்க்கால் வழியிலும் இருக்கின்றன. ஆகவே பகுதியின் பெயரை வைத்து முடிவுக்கு வராமல், அந்தத் தெருவையும் அந்த வாசலையும் பார்க்க வேண்டும். தரைத்தள மதில்சுவரில், முழங்கால் அளவில் வண்ணம் ஒரே நேர்க்கோட்டில் உப்பிப் பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மின்மீட்டர்ப் பலகை மற்ற வீடுகளைவிட ஓரடி உயரத்தில் புதிதாக மாற்றி வைக்கப்பட்டிருந்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் “மிக்ஜாமில் வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்தினீர்கள்?” என்று கேட்டால், எந்தத் தரகரும் சொல்லாத விவரம் கிடைக்கும்.

பயணத்தைப் பொறுத்தவரை, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு இருபது நிமிடம் என்று முடிவு கட்டுவது எல்லோரும் செய்யும் தவறு. திங்கள்கிழமை காலை எட்டரைக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரையிலும், ஒரு மழைநாள் மாலையில் திரும்பியும் போய்ப் பாருங்கள். மேடவாக்கம் சந்திப்பின் மேம்பாலம் 2022-இல் திறக்கப்பட்டு நெரிசலை ஓரளவு குறைத்தது. ஆனால் மாதவரம் - சோழிங்கநல்லூர் மெட்ரோ பாதையின் பணிகள் அந்தப் பக்கம் சாலையை நெடுங்காலம் குறுக்கியிருக்கின்றன. நாளை வரப்போகும் ரயிலைக் காட்டி இன்றைய வாடகையைக் கூட்டிச் சொல்பவர்களுக்கு இணங்கிவிடாதீர்கள். வேளச்சேரியில் பறக்கும் ரயில் நிலையத்துக்கு நடந்தே போகும் தொலைவில் இருப்பவர்கள் கடற்கரை ரயில் நிலையம் வரை மிகக் குறைந்த செலவில் போகிறார்கள். அந்த வசதியை விட்டால் மாதம் எவ்வளவு கூடும் என்பதையும் மேலே போட்ட கணக்கில் சேர்க்க வேண்டும். வீட்டில் பெண்கள் சாதாரணக் கட்டணப் பேருந்தில் போகிறவர்கள் என்றால் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை எத்தனை நிமிடத்துக்கு ஒரு பேருந்து வருகிறது என்பதே கேள்வி.

பிள்ளைகளின் பள்ளியை மாற்றப்போவதில்லை என்றால், வேன் அந்தத் தெருவுக்கு வருமா, எத்தனை மணிக்கு வரும் என்று ஓட்டுநரிடமே கேளுங்கள். என் மகளுக்கு ஆறே முக்காலுக்கு வேன் என்றானதும், வீட்டில் எல்லோருடைய தூக்கமும் ஒரு மணி நேரம் குறைந்தது. முதியோர் இருந்தால், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையும் மின்தூக்கிக்கு ஜெனரேட்டர் இணைப்பும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

எல்லாம் பொருந்தி வந்தால் ஒப்பந்தத்துக்கு வரலாம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவு செய்யப்பட வேண்டும் என்கிற 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பணத்துக்கு அது சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. பத்து மாத முன்பணம் கேட்கும் பழைய பழக்கம் இன்னும் இருப்பதால், இதை எடுத்துச் சொல்லிப் பேசிக் குறைக்கலாம். வெள்ளையடிக்கும் செலவு எவ்வளவு, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏற்றம் என்பவை ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். உங்கள் வீட்டுக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா என்பதை மீட்டரைப் பார்த்தே உறுதி செய்யுங்கள். ஒரே இணைப்பிலிருந்து துணை மீட்டர் வைத்துப் பிரித்திருந்தால், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கென்று தனியாகக் கிடைக்காது. எல்லா வீடுகளின் பயன்பாடும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டும்போது கட்டண அடுக்கே மாறிவிடும்.

நேரமும் பேச்சுக்கு உதவும். ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச யாரும் முன்வராததால், அந்த மாதங்களில் காலி வீடுகள் நிற்கும். அப்போது பார்த்து, வாடகையைப் பேசி, சிறு தொகை கொடுத்து உறுதி செய்துவிட்டு, ஆவணியிலோ தையிலோ குடிபோகலாம். போன பிறகு வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றப் படிவம் 8 கொடுக்க வேண்டும். வேளச்சேரித் தொகுதியிலிருந்து சோழிங்கநல்லூர்த் தொகுதிக்குப் பெயர் மாறும். குடும்ப அட்டையின் முகவரியை மாற்றினால்தான் பக்கத்து நியாயவிலைக் கடையில் பொருள் வாங்குவது எளிதாகும். எரிவாயு இணைப்பை மாற்ற ரெகுலேட்டரும் புத்தகமும் கையில் இருக்கட்டும். பழைய வீட்டின் சாவியை ஒப்படைக்கும் அன்று, வீட்டுக்காரரை உடன் வைத்துக்கொண்டே மின்மீட்டரின் எண்ணையும் ஒவ்வொரு அறையின் சுவரையும் படம் எடுத்து, அங்கிருந்தபடியே அவருக்கு அனுப்பிவிடுங்கள். முன்பணம் எவ்வளவு திரும்பும், எந்தத் தேதியில் வரும் என்பதையும் அந்தச் செய்தியிலேயே எழுதி, அவரிடமிருந்து பதில் வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.